வெள்ளையின மேலாதிக்கத்தை ஆய்வு செய்ய நினைப்பவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

சமூகவியல் மாணவர் ஒருவரின் கேள்வி இது. வெள்ளையின மேலாதிக்கம் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும், இணையத்தில் கிடைக்கும் வெறுப்புப் பேச்சுகளைப் படித்துப் படித்து மனம் சோர்ந்துவிட்டது, இதை எப்படித்தான் புரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறார்.

வெறுப்புப் பேச்சுகளைக் கொஞ்ச காலம் மூடி வையுங்கள். பழைய சட்டங்களையும் தீர்ப்புகளையும் எடுத்துப் படியுங்கள்.

முகமூடிக் கூட்டம், எரியும் சிலுவை, துப்பாக்கியோடு வழிபாட்டுத் தலத்துக்குள் நுழைந்தவன் என்றுதான் நம் நினைவு முதலில் ஓடுகிறது. அந்தக் கொடுமைகள் உண்மை. ஆனால் அங்கேயே தொடங்கினால், சில மனிதர்களின் மனக்கோளாறு இது என்ற முடிவில்தான் போய் நிற்போம். பல ஆண்டுகளாக இதைப் படித்துவரும் எனக்குத் தெரிந்தவரை, வெறுப்பு பெரும்பாலும் பின்னால்தான் வருகிறது. முதலில் வருவது பங்கீடு. நிலம் யாருக்கு, வாக்கு யாருக்கு, கடன் யாருக்கு, குடியுரிமை யாருக்கு என்று யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். எழுதியது இன்றும் கிடைக்கிறது.

1662-இல், வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த வர்ஜீனியா குடியேற்றத்தின் சட்டமன்றம் ஒரு விதி செய்தது. பிறக்கும் குழந்தை அடிமையா இல்லையா என்பதைத் தாயின் நிலையே தீர்மானிக்கும் என்றது அந்த விதி. ஆங்கிலேயர் மரபிலோ பிள்ளைக்குத் தகப்பன் வழிதான். ஏன் இந்தத் தலைகீழ் மாற்றம்? அடிமைப் பெண்ணிடம் முதலாளி பெற்ற பிள்ளையும் இனி அவனுக்குச் சொத்து. தகப்பன் என்ற பொறுப்பும் கிடையாது. ஒரு பெண்மீது நடந்த வன்முறை, சில வரிகளில், அவனுக்கு வருமானமாகிவிட்டது. இதைப் படித்த பிறகு, அந்தக் காலத்து அறியாமை என்று சொல்லப்படும் சமாதானத்தை என்னால் ஏற்கவே முடிவதில்லை. எழுதியவர்களுக்குத் தாங்கள் செய்வது என்னவென்று நன்றாகவே தெரிந்திருந்தது.

சரி, வெள்ளையர் என்றால் யார்? வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் சுதந்திரமான வெள்ளையர் மட்டுமே குடியுரிமை பெறலாம் என்றது 1790-இன் அமெரிக்கச் சட்டம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1870-இல், ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். ஆசியர்கள் வெளியே நின்றார்கள். ஜப்பானில் பிறந்த டக்காவோ ஒசாவா குடியுரிமை கேட்டுத் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. வெள்ளையர் எனப்படும் பலரைவிட ஜப்பானியரின் தோல் வெளுப்பு என்று அவர் தரப்பு வாதாடியது. தோல் நிறம் அளவுகோலாகாது, வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தார் (ஐரோப்பியர் உள்ளிட்டோருக்கு அன்றைய இன வகைப்பாடு வைத்த பெயர்) என்று 1922 நவம்பரில் தீர்ப்பு வந்தது, ஒசாவா தோற்றார். மூன்றே மாதத்தில், அதே நீதிமன்றத்தில், பகத் சிங் திந்த் வழக்கு. பஞ்சாபிலிருந்து போனவர், முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அன்றைய மானுடவியல் நூல்கள் வட இந்தியரைக் காக்கேசியர் பட்டியலில்தான் வைத்திருந்தன. அதையே எடுத்துக் காட்டினார். முந்தைய தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி ஜார்ஜ் சதர்லாந்து, இம்முறை அறிவியல் வகைப்பாட்டை ஒதுக்கிவிட்டார். சாதாரண மனிதன் யாரை வெள்ளையர் என்று புரிந்துகொள்கிறானோ அவரே வெள்ளையர் என்று எழுதினார். திந்தும் தோற்றார். ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த பல இந்தியர்களும் அதை இழந்தார்கள்.

இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். நிறம் உதவாதபோது அறிவியல், அறிவியல் உதவாதபோது பொதுப்புத்தி. காரணம் மாறிக்கொண்டே போகிறது, முடிவு மட்டும் அசையவில்லை. இன்னொன்றும் கண்ணில் படும். திருமண விஷயத்தில், அமெரிக்கர் கருப்பரைப் பார்ப்பது போலத்தான் உயர்சாதி இந்து இங்குள்ள பூர்வகுடியைப் பார்க்கிறார் என்பது திந்த் தரப்பு வைத்த வாதங்களில் ஒன்று. இனச் சுவரை இடிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை, உள்ளே தனக்கும் ஓர் இடம் கேட்டார். தமிழில் இந்த ஆய்வைச் செய்கிறவர் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடக் கூடாது.

இனம் என்ற சொல்லே இல்லாத சட்டங்கள் இன்னும் முக்கியமானவை. இன அடிப்படையில் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 1870-இல் அமெரிக்க அரசியல் சாசனத் திருத்தம் வந்துவிட்டது. லூசியானா மாநிலம் 1898-இல் என்ன செய்தது தெரியுமா? வாக்களிக்க எழுத்தறிவுத் தேர்வு அல்லது சொத்துத் தகுதி, கூடவே தலைவரி. 1867 தொடக்கத்தில் வாக்குரிமை பெற்றிருந்தவருக்கும் அவருடைய மகன், பேரனுக்கும் அந்தத் தேர்விலிருந்து விலக்கு. அந்தத் தேதியில் அங்கே எந்தக் கருப்பருக்கும் வாக்கு கிடையாது. எதிலும் நிறம் குறிப்பிடப்படவில்லை. 1896-இல் அங்கே பதிவாகியிருந்த கருப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904-இல் 1,342 பேர்.

ஆஸ்திரேலியாவின் 1901 குடிவரவுச் சட்டமும் இதே வகை. வருகிறவர் அதிகாரி சொல்லச் சொல்ல ஐம்பது சொற்கள் எழுத வேண்டும், எந்த ஐரோப்பிய மொழி என்பது அதிகாரியின் விருப்பம். வேண்டாதவருக்குத் தெரியாத மொழியைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. 1934-இல் எகோன் கிஷ் என்ற ஐரோப்பிய இடதுசாரி எழுத்தாளரைத் தடுக்க, பல மொழிகள் அறிந்த அவருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். அதை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது வேறு கதை. நிறத்துக்காகச் செய்த கருவி, பிறகு பிடிக்காத எவர்மீதும் பாய்ந்தது என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன்.

உயிரியல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள்கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்று மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் 1972-இல் கணக்கிட்டார். ஆனால் உயிரியலில் இல்லாத ஒன்று வாக்காளர் பட்டியலில் இருக்க முடியும், அதற்கு லூசியானாவின் எண்களே சாட்சி.

முறை என்று கேட்டால், அமெரிக்கக் கருப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். 1892-இல் மெம்ஃபிஸ் நகரில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸையும் வேறு இருவரையும் ஒரு கும்பல் கொன்றது. அவர்கள் நடத்திய மளிகைக் கடை அருகிலிருந்த வெள்ளையரின் கடைக்குப் போட்டியாக இருந்தது. கும்பல் கொலை என்றாலே பெண்ணைக் கெடுத்தவனுக்குத் தண்டனை என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த காலம். வெல்ஸ் வெள்ளையர் பத்திரிகைகளில் வந்த செய்திகளையே திரட்டினார், எவரும் மறுக்க முடியாதபடி. கொல்லப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்மீதுதான் அப்படிக் குற்றம் சாட்டவே பட்டிருந்தது. அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். அவர் நிறுத்தவில்லை. ஆதிக்கத்தின் ஆவணத்தை வைத்தே ஆதிக்கத்தைக் கேள்வி கேட்கும் இந்த வழியை நான் பெரிதும் மதிக்கிறேன். அதோடு, அடிபட்டவர்களின் வாக்குமூலத்தை உணர்ச்சிவசப்பட்டது என்று ஒதுக்காமல் சான்றாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பங்கீடுதான் மூலம் என்றால், பங்கு கிடைக்காத ஏழை வெள்ளையர் ஏன் இதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்கக் கருப்பினச் சமூகவியலாளர் டு பாய்ஸ் 1935-இல் இதற்கு ஒரு விடை தந்தார். குறைந்த கூலி வாங்கிய வெள்ளைத் தொழிலாளிக்கு, மரியாதை, பொது இடங்களில் அனுமதி, தன் ஆட்களே உள்ள காவல்துறை என்று மனத்தளவிலான இன்னொரு கூலியும் கிடைத்தது என்பது அவர் கருத்து. என் பார்வையில், இன்றைய அரசியலைப் படிக்கவும் இது பயன்படும்.

இன்றைக்குச் சட்டங்கள் மாறிவிட்டனவே என்பார்கள். சமூகவியலாளர் டேவா பேஜர் 2003-இல் வெளியிட்ட கள ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஒத்த தகுதி கொண்ட வெள்ளை, கருப்பு இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார். சிறை சென்றதாகச் சொன்ன வெள்ளையருக்கு 17 சதவீத இடங்களிலிருந்து மறு அழைப்பு வந்தது. எந்தக் குற்றப் பதிவும் இல்லாத கருப்பருக்கு 14 சதவீதம். அந்த முதலாளிகளில் யார் மனதில் வெறுப்பு இருந்தது என்று தேட வேண்டிய அவசியமே வரவில்லை.

தீவிரவாதிகளின் எழுத்தைப் படித்தே ஆக வேண்டிய கட்டம் பிறகு வரலாம். 2019-இல் கிறைஸ்ட்சர்ச் நகரின் இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவனின் அறிக்கையை நியூசிலாந்து தடை செய்தது. அப்படிப்பட்டதை முழுதாக மேற்கோள் காட்டாதீர்கள், இணைப்பும் தராதீர்கள். கொலைகாரன் எதிர்பார்ப்பது பரப்புரையைத்தான். நீதிமன்றப் பதிவுகளையும் உயிர் பிழைத்தவர்களின் சொற்களையும் முதலில் படியுங்கள். வழிகாட்டியிடமோ சக மாணவரிடமோ அன்றன்று பேசிவிடுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள்.

முதல் கட்டுரைக்கு உலகம் முழுவதையும் எடுக்க வேண்டாம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. பிரிட்டன் 1833-இல் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை, உடைமையாளர்களுக்கே எல்லாம். யார், எவ்வளவு, எத்தனை பேருக்காக என்பது பெயர் பெயராக அதில் இருக்கிறது. ஒரே ஒரு குடும்பத்தை எடுத்து, அந்தப் பணம் அதற்குப் பிறகு எங்கே போனது என்று பின்தொடர்ந்து பாருங்கள்.