ஓட்டு வீட்டில் இருக்கும் தாயாரை எப்போது இடம் மாற்றுவது?

குளச்சல் அருகே ஓட்டு வீட்டில் தனியே வசிக்கும் தங்கள் தாயாரை, புயல் நேரத்தில் காற்று வலுத்த பிறகு அழைத்து வந்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது; 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக்குத் தெற்கே கடலிலேயே கடந்து சென்றபோதும், மாவட்டமெங்கும் ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து சாலைகள் அடைபட்டன என்பதால், எச்சரிக்கை வந்த அன்றே, பகல் வெளிச்சத்தில், கான்கிரீட் வீட்டுக்கோ அரசு முகாமுக்கோ அழைத்துச் சென்றுவிடுங்கள். (கோழிகளை விட்டு வர மாட்டேன் என்பார்; அவற்றுக்கும் இடம் பாருங்கள்.) புயலின் மையம் கடக்கும்போது காற்று திடீரென நின்று, பின்னர் எதிர்த்திசையிலிருந்து வீசும் என்பதால், அந்த இடைவெளியில் ஓட்டைச் சரிசெய்ய யாரும் ஏற வேண்டாம். திரும்பிய பின், முற்றத்தில் தென்னை மட்டைகளுக்கிடையே கிடக்கும் கம்பியில் மின்சாரம் இருப்பதாகவே கருதி விலகி நின்று, மின்வாரியத்துக்குத் தெரிவியுங்கள். கிணற்று நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.