அண்ணா அனுப்பிய கணக்கும் அப்பாவின் ஏ.எவ்.பியும்

கேள்வி: டொக்டர், அப்பாவுக்கு 64 வயது. சீனி வருத்தம் உண்டு. எட்டு மாதத்துக்கு முன் ஈரலில் இருந்த புற்றுக்கட்டியை வெட்டி எடுத்தார்கள். கனடாவில் இருக்கும் அண்ணா இரத்தப் பரிசோதனைத் தாளை இணையத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, நியூட்ரோபில், லிம்போசைட் என்ற இரண்டு வகை வெள்ளையணுக்களின் விகிதம் 4.6, இப்படியானவர்கள் கனகாலம் இருக்கமாட்டார்கள் என்கிறார். தங்கச்சியின் கலியாணத்தைத் தையிலிருந்து ஆவணிக்கு மாற்றுவோமா என்று வீட்டில் பேச்சு. ஈரல் புற்றுக்குப் பார்க்கும் ஏ.எவ்.பி என்ற இரத்தப் பரிசோதனை முதலில் 860, வெட்டி இரண்டாம் மாதம் 5, ஐந்தாம் மாதம் 14, இப்போது 38. காலில் ஒரு புண் ஆறவில்லை. வெட்டிய தழும்பு கடிக்கிறது. மீன், முட்டை நிறுத்திவிட்டோம். கீழ்காய்நெல்லிக் கசாயம் கொடுக்கிறோம். முழங்கால் வலிக்கு பார்மசியில் டைக்ளோபினாக் வாங்குகிறார். அடுத்த கிளினிக் இரண்டு மாதத்தில்.
— வாசகி, சாவகச்சேரி

பதில்: 4.6 என்ற எண்ணைப் பார்த்துக் கலியாணத்துக்கு நாள் குறிக்காதீர்கள். அந்த விகிதம் உயர்ந்திருப்பவர்கள், ஒரு கூட்டமாகப் பார்க்கும்போது, ஈரல் சத்திரசிகிச்சைக்குப் பின் குறைந்த காலம் வாழ்கிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் எது உயர்வு என்பதில் அந்த ஆய்வுகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஒன்று 2 என்கிறது, இன்னொன்று 5 என்கிறது. மாரி மழையின் சராசரியை வைத்து உங்கள் பந்தலில் அன்றைக்கு மழை விழுமா என்று சொல்ல முடியுமா? அதோடு, சீனி வருத்தக்காரருக்குக் காலில் ஆறாத புண் இருந்தால் கிருமியோடு போராடும் நியூட்ரோபில் ஏறத்தான் செய்யும். அண்ணா கணக்குப் போட்ட இயந்திரத்துக்கு அந்தப் புண் தெரியாது.

இரத்தத்தை வைத்து எதையாவது ஊகிக்க வேண்டுமென்றால் ஈரல் செய்யும் புரதமான அல்புமினையும் ஈரல் வெளியேற்றும் மஞ்சள் கழிவான பிலிருபினையும் சேர்த்துப் பார்க்கும் கணிப்பு, 2015இல் வந்தது, கொஞ்சம் பயனுள்ளது. மிஞ்சியிருக்கும் ஈரல் எப்படி வேலை செய்கிறது என்று அது காட்டும். இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் குறைந்திருந்தால் ஈரல் இறுகி, அதற்குள் போகும் நாளத்தில் அழுத்தம் கூடியிருக்கலாம். இவற்றைவிடப் பெரிய செய்தி வெட்டியெடுத்த கட்டியின் நோயியல் அறிக்கையில் இருக்கிறது: கட்டி ஒன்றா பலவா, வெட்டிய ஓரம் சுத்தமா, நுண்ணிய இரத்தக்குழாய்க்குள் புற்று புகுந்திருந்ததா. அந்தத் தாளை வீட்டில் யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

பிள்ளை, உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி. 5, 14, 38.

எல்லா ஈரல் புற்றும் ஏ.எவ்.பியைச் சுரக்காது. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது தொடக்கத்திலிருந்தே சாதாரணமாக இருக்கும்; அவர்களுக்கு இந்தப் பரிசோதனையால் பெரிய பயன் இல்லை. உங்கள் அப்பாவின் கட்டி சுரந்தது. வெட்டியதும் இறங்கியது. இரத்தத்தில் அது ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை பாதியாகும், அதனால் இரண்டு மாதத்தில் 5க்கு வந்தது கட்டி முழுதாகப் போனதற்கு நல்ல அடையாளம். அப்படிப்பட்டவருக்கு எண் திரும்ப ஏறுகிறது, அதுவும் அடுத்தடுத்து இரண்டு தடவை. 860 இருந்தவருக்கு 38 என்ன பெரிதா என்று நினைக்க வேண்டாம். அளவைவிட ஏறும் போக்குத்தான் முக்கியம். 14 வந்தபோதே கேட்டிருக்க வேண்டும்.

வெவ்வேறு லாப்களில் செய்தீர்களா என்று பாருங்கள். ஒன்று நனோகிராமில் எழுதும், மற்றது சர்வதேச அலகில் எழுதும். 1 அலகு ஏறத்தாழ 1.2 நனோகிராம். அந்த வித்தியாசம் 5ஐ 6 ஆக்கும், 38 ஆக்காது. ஈரல் அழற்சியாலும் ஏ.எவ்.பி ஏறலாம்தான். ஆனால் அதை வீட்டில் இருந்து ஊகிக்க முடியாது. சாயம் ஏற்றி மூன்று கட்டமாக எடுக்கும் சீ.ரி. ஸ்கான், அல்லது எம்.ஆர்.ஐ., இந்த வாரமே கேளுங்கள். சத்திரசிகிச்சை செய்தவரின் கிளினிக்குக்கு எல்லா ஏ.எவ்.பி தாள்களோடும் நோயியல் அறிக்கையோடும் நேரே போங்கள். இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம்.

ஒளிக்காமல் சொல்கிறேன்: இறுகிய ஈரலில் வெட்டிய பின் ஐந்து ஆண்டுக்குள் பத்தில் ஆறேழு பேருக்கு நோய் திரும்பலாம். ஆனால் திரும்பியது சிறிதாக இருக்கும்போது பிடித்தால் மறுபடி வெட்டலாம், ஊசி செலுத்திச் சூட்டால் எரிக்கலாம், கட்டிக்கு இரத்தம் போகும் குழாயை மருந்தோடு அடைக்கலாம். ஸ்கான் பார்த்தபின் வைத்தியர் சொல்வதைக் கேட்டுத் தையா ஆவணியா என்று பேசுங்கள்.

தழும்பு கடிப்பது ஒன்றுமில்லை, தேங்காயெண்ணெய் பூசுங்கள். மீனையும் முட்டையையும் ஏன் நிறுத்தினீர்கள்? தசை கரைந்துகொண்டிருக்கும் மனிதருக்குப் பத்தியம் என்று புரதத்தை மறுப்பது கொடுமை. நாளைக்கே மீன்குழம்பு வையுங்கள். கீழ்காய்நெல்லி ஈரல் புற்றைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை; ஈரல் நொதி ஏறினால் கசாயத்தாலா நோயாலா என்று பிறகு எங்களுக்குத்தான் தலையிடி. நிறுத்துங்கள்.

டைக்ளோபினாக் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. ஈரல் இறுகியவருக்கு அது சிறுநீரகத்தையும் கெடுக்கும், குடலில் இரத்தக்கசிவையும் கொண்டுவரும். வலிக்குப் பனடோல் கொடுங்கள், ஒரு நாளில் 2 கிராமுக்கு மேல் வேண்டாம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை நான்கு. ஸ்கானுக்கு ஏற்றும் சாயமும் சிறுநீரகத்துக்குச் சுமைதான். ஆகவே போகுமுன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்க்கச் சொல்லுங்கள், அவர் சீனி வருத்தத்துக்கு மெற்போமின் குடிப்பதாக இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அப்புறம், அன்றைக்கே அந்தக் காற்புண்ணையும் காட்டிவிட்டு வாருங்கள்.