வாப்பா வீட்டிலிருந்த பதினோரு மாதம்

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். பிழைப்புக்காக வெளிநாட்டுக்குச் சபர் போனவர்களின் வீடுகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். என் மாப்பிள்ளை 2020 பிப்ரவரியில் 45 நாள் லீவில் துபாயிலிருந்து வந்தார். மார்ச்சில் விமானங்கள் நின்றுவிட்டன. திரும்பிப் போனது 2021 ஜனவரிக் கடைசியில். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவர் அப்படித் தொடர்ந்து வீட்டில் இருந்ததே இல்லை. சம்பளம் நின்றது, நகை பேங்குக்குப் போனது. ஆனாலும் விடியற்காலை பஜ்ரு தொழுதுவிட்டு மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கடலுக்கு நடப்பார். புறப்படுவதற்கு முன் ஒரு நாள் தனுஷ்கோடி போய்வந்தோம். குடும்பமாக நாங்கள் போன ஒரே பயணம் அது.

அதே வருடம் எங்கள் தெருவில் மூன்று மௌத். அடுத்த வீட்டு லாத்தாவின் மாப்பிள்ளை வெளிநாட்டிலேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கம். அந்த வருடத்தை நினைத்து அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வாயெடுத்தால் லாத்தாவின் முகம் வந்து நிற்கிறது. நான் சந்தோஷமாக இருந்தது தப்பா? மகன் இப்போது கடல் பக்கமே போவதில்லை. வாப்பா வந்த பிறகு போகலாம் என்கிறான்.

ஒரு வாசகி, கீழக்கரை

அன்புள்ள தங்கைக்கு,

வஅலைக்கும் ஸலாம்.

தப்பில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசுவோம்.

எனக்குப் பெரியபட்டினம். என் வாப்பா 26 வருடம் சபரில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு மாதம் லீவு. கூட்டிப் பார்த்தால் 26 மாதம். எண்பதுகளில் கேசட்டில் பேசி அனுப்புவார். உம்மா டேப்ரெக்கார்டரை நடுவீட்டில் வைத்து எங்களைச் சுற்றி உட்காரவைப்பார். "நல்லா ஓதுறியா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்காக வாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். கேசட் மட்டும் சுற்றும். நான் அதைப் பார்த்து "ஓதுறேன் வாப்பா" என்பேன்.

2020இல் நோன்பு ஏப்ரல் 25 அன்று தொடங்கியபோது பள்ளிவாசல்கள் பூட்டியிருந்தன. நோன்புக் கஞ்சியைப் பள்ளியில் காய்ச்ச முடியவில்லை, அரிசியாக வீடுகளுக்குக் கொடுத்தார்கள். நோன்பு இரவுத் தொழுகையான தராவீஹும் வீட்டிலேயே. பள்ளி பூட்டிக் கிடந்ததை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது. ஆனால் அந்த முப்பது இரவும் வாப்பா முன்னால் நிற்க, நானும் என் பிள்ளைகளும் பின்னால் நின்றோம். அவர் ஓதுவதை ஒரு மாதம் முழுக்க நான் கேட்டது வாழ்க்கையில் அப்போதுதான். உங்கள் மகனும் அப்படி நின்றிருப்பான் என்று நினைக்கிறேன்.

கடலைப் பற்றி இரண்டு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். எனக்கு அது போதவில்லை. அந்த வருடம் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் நம் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, புரண்டது, மணல் வந்து முகத்தில் அறைந்தது. அந்த மாதங்களில் பாக் விரிகுடாப் பக்கத்து வடகடல் அடங்கித்தான் கிடக்கும். ஆனால் வடகடல் ஓரத்து அரியமான் கடற்கரை வரை பிள்ளைகளைக் கூட்டிப்போக ஊரடங்கில் வழியில்லை. கடற்கரைகளைத் திறந்துவிட்டது டிசம்பர் 14 அன்று. அதற்குப் பத்து நாள் முன்னால்தான் புரெவி புயல் நம் கரைக்கு எதிரே, மன்னார் வளைகுடாவில், நகராமல் நின்று மழையாகக் கொட்டியது. வாடை வந்துவிட்டால் கடல்கள் குணம் மாற்றிக்கொள்ளும். வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் படுத்துவிடும். ஜனவரியில் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் கிழக்கே பார்த்து நின்றிருப்பீர்கள். இடப்பக்கம் அலை, வலப்பக்கம் அமைதி. வழியில் கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தண்ணீரில் பூநாரைகள் நின்றனவா? நாங்களும் அதே மாதம்தான் போனோம். வாப்பா அவற்றை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, தன் வாப்பா சங்கு குளித்த கதையைச் சொன்னார். சங்கு குளித்தவரின் பேரன் நான் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

2021 மே மாதம், இரண்டாம் அலையில், வாப்பா மௌத்தானார். ஜனாஸாவுக்குப் பத்துப் பேர்கூட இல்லை.

அதனால் உங்கள் லாத்தா நிற்கும் இடமும் எனக்குத் தெரியும், நீங்கள் நிற்கும் இடமும் தெரியும். எந்த நோய்க்கும் நான் நன்றி சொல்லி சுக்ர் செய்யவில்லை. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு வாப்பா கடலுக்கு நடப்பது உங்கள் வீட்டில் என்றோ நடந்திருக்க வேண்டியது. ஒன்பது வருடப் பாக்கியில் கொஞ்சம் கைக்கு வந்தது. உங்களுக்குச் சேர வேண்டிய பாக்கியை வாங்கியதற்கு ஏன் கூசுகிறீர்கள்? வாய்விட்டே அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் விழுங்குவதால் லாத்தாவுக்கு எதுவும் திரும்பி வரப்போவதில்லை.

லாத்தாவுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் மகனையும் சேர்த்து நீங்களே கடலுக்குக் கூட்டிப்போங்கள். லாத்தாவையும் கூப்பிடுங்கள். வர மறுத்தால் இன்னொரு நாள் கூப்பிடுங்கள். வாடைக் காலத்தில் நம் பக்கத்துத் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும், சின்னப் பிள்ளைகள் முழங்கால் வரை இறங்கலாம். அங்கிருந்தே வாப்பாவுக்கு வீடியோ கால் போடுங்கள். பேச எதுவும் இல்லாவிட்டால் போனைக் கடலைப் பார்த்துத் திருப்பிவையுங்கள்.

என் உம்மா ஒரு தடவை டேப்ரெக்கார்டரைக் கரையில் வைத்து, கடல் சத்தத்தை மட்டும் பதிந்து அனுப்பினார். வாப்பா மௌத்தான பிறகு அவருடைய பெட்டியைத் திறந்தோம். துணிக்கு அடியில் அந்த கேசட் இருந்தது. மேலே வாப்பா தன் கையெழுத்தில் 'கச்சான்' என்று எழுதிவைத்திருந்தார்.

அன்புடன்,
காக்கா