புகையிலையைப் பழனிக்குத் தூது விட்டவர்

கேள்வி: மூன்று வருடமாகத் தைப்பூசத்துக்கு மாலை போட்டுப் பழனிக்கு நடக்கிறேன். மாலை போட்ட நாளிலிருந்து மலை இறங்கும் வரை சிகரெட்டைத் தொடுவதில்லை. ஊர் திரும்பியதும் மறுபடி தொற்றிக்கொள்கிறது. ஒரேயடியாக விட என்ன வழி? (பி.கு.: பதிலில் இலக்கியம் வேண்டாம். வீட்டுக்குத் தெரியாது, பெயரும் வேண்டாம்.)
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: பின்குறிப்பைக் கடைசியில்தான் படித்தேன். அதற்குள் 'விட' என்ற சொல்லில் கால் மாட்டிக்கொண்டது. மன்னிக்க வேண்டும்.

சீனிச் சர்க்கரைப் புலவர் என்று ஒருவர் இருந்தார். நான் வைத்த பெயர் இல்லை. அவர் பாடிய பிரபந்தம் ஒன்றுக்குப் பெயர் 'புகையிலை விடு தூது'. உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தது. பெயரை மட்டும் பார்த்துவிட்டு, புகையிலையை விடச் சொல்லும் நூல் என்று எண்ணி யாராவது போதை ஒழிப்புக் கூட்டத்தில் வாசித்துவிடப் போகிறார்கள். இங்கே 'விடு' என்றால் அனுப்பு. காதலில் விழுந்த தலைவி கிளியை அனுப்பலாம், மேகத்தை அனுப்பலாம். இவள் புகையிலையை அனுப்புகிறாள். யாரிடம் தெரியுமா? பழனி முருகனிடம்.

மூன்று வருடமாக நீங்கள் செய்வதும் அதேதான். சிகரெட்டை நீங்கள் விடவில்லை ஐயா, தூது விட்டிருக்கிறீர்கள். தூது போனவர் காரியம் முடிந்தால் என்ன செய்வார்? பதிலோடு திரும்பி வருவார். நீங்கள் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் என்று கொப்புளக் காலோடு நடந்து, மலை ஏறி இறங்கி, பஞ்சாமிர்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தூங்கி விழுந்து ஊர் வந்து சேர்கிறீர்கள். தூதர் உங்களுக்கு முன்னாலேயே வந்து, பெட்டிக்கடைத் தூணில் தொங்கும் தேங்காய் நார்க்கயிற்றின் நுனியில் கண்ணை மினுக்கிக்கொண்டு நிற்கிறார். "வாங்க, தரிசனம் எல்லாம் நல்லா ஆச்சா?"

அதே நூலில் ஒரு கதை உண்டு. மும்மூர்த்திகள் ஆளுக்கொரு இலையைப் பெற்றார்களாம். சிவன் வாங்கிய வில்வம் கங்கையோடு போயிற்று, திருமால் வாங்கிய துளசி பாற்கடலோடு போயிற்று, பிரமனின் இலை மட்டும் போகவில்லை. போகை இல்லை, ஆகவே போகையிலை, அதுவே புகையிலை. உங்கள் புகாரும் இதுதானே? போகமாட்டேன் என்கிறது!

இதை அச்சில் பார்த்ததும் தேவகோட்டையிலிருந்து ஒரு அஞ்சலட்டை வரும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பதினோரு வருடமாக இந்தப் பக்கத்தோடு மல்லுக்கு நிற்கிறார். புகையும் தமிழ், இலையும் தமிழ், எனவே சங்கத் தமிழன் புகைத்தான் என்பது அவர் கட்சி. அமெரிக்காவில் விளைந்து போர்த்துக்கீசியர் கப்பலில் வந்த சரக்கு என்பது என் கட்சி. மிளகாயும் அப்படி வந்ததுதான், பெயர் மட்டும் நாம் வைத்தது. புலவர் ஐயா, புகையும் தமிழ், வண்டியும் தமிழ். அப்படியானால் கோவலன் புகைவண்டியில் போயிருக்கலாமே, பாவம் கண்ணகியை எதற்காக மதுரை வரை நடக்க வைத்தான்?

இந்த வியாபாரத்தில் நம் பங்கு ஒரு சொல்தான். சுருட்டு என்பதை ஆங்கிலேயர் 'செரூட்' என்று வாங்கிக்கொண்டார்கள். நாம் கொடுத்தது சுருட்டு. வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது சிகரெட். (எங்கள் மெய்ப்புத் திருத்துநர் சிகரெட்டை எல்லாம் 'வெண்சுருட்டு' என்று திருத்திவைப்பார். கடையில் போய் அப்படிக் கேட்டால் கிடைக்காது, கேட்கிறவர்களுக்கு மட்டும் அந்தச் சொல்லைப் பரிந்துரைக்கிறேன்.)

வட்டி என்றதும் உங்கள் விஷயம் ஞாபகத்துக்கு வருகிறது. சிகரெட்டை நிறுத்தினால் முதல் மூன்று நாள்தான் ரொம்பக் கடினம். எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, யாரைப் பார்த்தாலும் கோபம். அப்புறம் படிப்படியாகத் தணிந்து, சில வாரங்களில் உடம்பு அடங்கிவிடும். அந்தப் பொல்லாத நாட்களை நீங்கள் விரதத்திலேயே கழித்துவிடுகிறீர்கள். அதாவது வருடா வருடம் கடனில் முக்கால்வாசியைக் கட்டிவிட்டு, பத்திரத்தைத் திரும்ப வாங்காமல், அதே கடையில் அதே வட்டிக்குப் புதுக்கடன் வாங்குகிறீர்கள். செட்டிநாட்டுத் தண்ணீர் குடித்தவர் எழுதுகிற கணக்கா இது? எங்கள் ஐயா இருந்திருந்தால் பேரேட்டைத் தூக்கி எறிந்திருப்பார்.

நடக்கும்போது ஏன் தோன்றவில்லை? முருகன் அருள், மறுக்கவில்லை. ஆனால் வழியில் உங்கள் பதினோரு மணி டீக்கடை இல்லை. சாப்பிட்டதும் திண்ணையில் கூடும் கோஷ்டி இல்லை. பக்கத்தில் வருகிறவரும் விரதக்காரர். ஊருக்கு வந்தால் அத்தனையும் அதது அந்தந்த இடத்தில் இருக்கிறது. டீ கிளாஸ் வலது கைக்கு வந்ததும் இடது கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். இன்னொன்று, உங்கள் விரதத்துக்கு முடிவுத் தேதி இருக்கிறது. "மலை இறங்கியதும் பார்க்கலாம்" என்று சிகரெட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் குன்றக்குடியில் புறப்படுகிறீர்கள். வாக்குத் தவறாத பரம்பரை, வேறென்ன.

எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? 1991-ல் விட்டேன். நாலு வருடம் தொடவில்லை. விட்டவன் என்று ஊரெல்லாம் பெருமை வேறு. 1995-ல் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். முகப்பில் ஜமக்காளம் விரித்து, வெள்ளித் தட்டில் சந்தனம், கல்கண்டு, வெற்றிலை. நடுவில் எவர்சில்வர் டம்ளரில் சிகரெட்டுகளை ஊதுவத்தி மாதிரி நிறுத்தியிருந்தார்கள். பெண்வீட்டுப் பெரியவர் ஒருவர் டம்ளரைச் சாய்த்து நீட்டி, "அட, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கங்க, மரியாதைக்கு" என்றார். மரியாதைக்காக எடுத்தேன். முதல் இழுப்பில் தலை சுற்றியது, தூணைப் பிடித்துக்கொண்டேன். பர்மாத் தேக்கு, நன்றாகத் தாங்கியது. பந்தியில் உட்காரும் முன் இரண்டாவது. அதற்கு மரியாதைக் காரணம் எதுவும் இருக்கவில்லை. அந்த ஒண்ணே ஒண்ணை அணைக்க 1999 வரை ஆயிற்று. பெரியவர் மேல் குற்றமில்லை, டம்ளருக்குள் போனது என் கை.

ஆகவே அடுத்த தைப்பூசத்துக்கு முன்னால் சில சில்லறை வேலைகள். டீக்கடையை மாற்றுங்கள், கடைக்காரர் கோபித்தால் என் பெயரைச் சொல்லுங்கள். ஆசை வந்தால் ஐந்து பத்து நிமிடத்தில் அதுவாகவே இறங்கிவிடும், அந்த நேரத்துக்குக் கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள். மருந்துக்கடையில் நிக்கோட்டின் கம் கிடைக்கிறது, 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று. எது, எத்தனை என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் அதை பபிள்கம் மாதிரி மென்று தள்ளிவிட்டு, விக்கல் வருகிறது, நெஞ்சு எரிகிறது என்று தூக்கிப் போடுகிறார்கள். வெற்றிலை போடுகிற ஊர்க்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? மெதுவாகக் கடித்து, காரம் ஏறியதும் கன்னத்தில் அடக்கி, தணிந்ததும் மறுபடி கடிக்க வேண்டும். பேச ஆள் வேண்டுமென்றால் 1800-11-2356, கட்டணமில்லாத அரசாங்க எண். தேடவே வேண்டாம், சிகரெட் பாக்கெட் மேலேயே அச்சடித்திருக்கிறது. கடன் கொடுக்கிறவனே பத்திரத்தின் முதுகில் நமக்கு வக்கீல் விலாசத்தையும் எழுதிக் கொடுத்த மாதிரி.

ஒரு வருடம் தொடாமல் இருந்தால், புகைப்பதால் கூடும் இதயநோய் அபாயம் பாதியாகக் குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தைப்பூசத்திலிருந்து மறு தைப்பூசம், அவ்வளவுதான் கணக்கு. மாலையைக் கழற்றுங்கள், தேதியைச் சொல்லாதீர்கள்.

வீட்டுக்குத் தெரியாது என்கிறீர்கள். உங்கள் கடிதம் வந்த இரண்டாம் நாள் காரைக்குடியிலிருந்தே இன்னொரு கவர் வந்தது, பெண் கையெழுத்து. "மாலை போட்டால் மட்டும் சிகரெட்டை நிறுத்துகிற கணவரை வருடம் முழுக்க மாலையிலேயே வைத்திருக்க சாஸ்திரத்தில் இடம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஆச்சிக்குப் பதில் அடுத்த இதழில்.