மட்டக்களப்பார் பாயோடு ஒட்டவைப்பார்களா?

மட்டக்களப்பார் வந்தவரை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைப்பார்கள், அதாவது ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கவைப்பார்கள் என்ற பேச்சு உண்மையா எனக் கேட்டிருக்கிறீர்கள். இங்கே தாய்வழிக் குடிமுறை நிலவுவதாலும், வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணுக்கே சீதனமாகச் சேர்வதாலும், மணம் முடித்தவர் மனைவியின் வீட்டோடு தங்கிவிடுகிறார். வெளியூரார் அதையே மந்திரம் என்றனர் என்பது என் கருத்து. அயலாரின் வழக்கத்தை மந்திரமாகக் காண்பது புதிதன்று: பாரசீகக் குருமாரைக் கிரேக்கர் ‘மாகோஸ்’ என்றனர், ‘மேஜிக்’ என்ற சொல் அதன் வழியே பிறந்தது. மந்திர நம்பிக்கை பிற நாடுகளிலும் இருந்ததுதான்: இங்கிலாந்தின் பாத் நகரச் சுனையில், உரோமர் காலத்தவர் களவுபோன உடைக்காகக்கூடக் கள்வனைச் சபித்து எழுதிய, ஏறத்தாழ 130 ஈயத் தகடுகள் கிடைத்தன.

எங்களிடம் மந்திரமே இல்லை என்றும் சொல்லமாட்டேன்: செத்தல் மிளகாயையும் உப்பையும் பிள்ளையின் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டு, நெடி எழாவிட்டால் கண்ணூறுதான் என்பார் என் அம்மம்மா.