தொழிலதிபராக இருந்து சமூக சேவைக்கும் அரசியலுக்கும் வந்தவர்களில் யாரைப் படிக்கலாம்?

கொழும்பில் கார்மன்ட்ஸ் நடத்தும் உங்கள் அப்பா இனிப் பொதுச்சேவை, அரசியல் என்று இறங்க நினைக்கிறார், முன்னோடியாக யாரைப் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ரொபர்ட் ஓவனைப் படிக்கக் கொடுங்கள். ஊருக்கு அள்ளிக் கொடுப்பதற்கு முன் தன் ஆலைக்குள் கைவைத்தவர் அவர்.

1771இல் வேல்ஸில் பிறந்து, துணிக்கடையில் வேலை பழகி, 1800இல் ஸ்கொட்லாந்தின் நியூ லனார்க் பஞ்சாலையைப் பொறுப்பேற்றார். முதலில் திருத்தியது ஆலைத் தொழிலாளர் சாமான் வாங்கும் கடையை. அதுவரை தொழிலாளர் மட்டமான சாமானைக் கடனுக்குக் கூடிய விலையில் வாங்கினார்கள். ஓவன் ரொக்கம் கொடுத்து மொத்தமாகக் கொள்வனவு செய்து, அடக்க விலையை ஒட்டி விற்றார். தொழிலாளரின் செலவு கால்வாசி குறைந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். கடையில் மிஞ்சிய லாபம் பள்ளிக்குப் போனது. கூலியில் அறுபதில் ஒரு பங்கு நோய்க்கால நிதிக்கு. 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வேலை இல்லை. அமெரிக்கப் பஞ்சு தடைப்பட்டு இயந்திரங்கள் நான்கு மாதம் நின்றபோதும் முழுக்கூலி கொடுத்தார். அதற்கு 7,000 பவுண் ஆனது. தொழிலாளர் அவரை நம்பத் தொடங்கியது அதன் பிறகுதான்.

‘அவரும் லாபம் பார்த்த முதலாளிதானே’ என்று யாராவது கீழே எழுதுவீர்கள். பார்த்தார்தான். தொழிலாளர் ஒவ்வொருவர் பக்கத்திலும் கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை பூசிய நாற்பக்க மரக்கட்டையைத் தொங்கவிட்டு, முன்தினம் வேலை எப்படி என்று காட்டியவரும் அவரே. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பங்காளிகள் இந்தச் செலவுகளை எதிர்த்தபோது, 1813இல் புதிய பங்காளிகளோடு ஆலையை 1,14,100 பவுணுக்கு ஏலத்தில் எடுத்தார். மூலதனத்துக்கு 5 சதவீதம் போக மிச்சம் தொழிலாளர் நலனுக்கு என்பது உடன்பாடு. இப்படி எழுதிக் கையெழுத்து வாங்காவிட்டால், பங்காளி மாறியதும் நல்ல நோக்கமெல்லாம் காற்றில் போய்விடும்.

1816இல் திறந்த பள்ளியில், நடக்கத் தொடங்கிய குழந்தைகளைக்கூடச் சேர்த்தார். அடிக்கக்கூடாது, புத்தகத்தைக் காட்டி வதைக்கக்கூடாது என்பது ஆசிரியர்களுக்கு இட்ட கட்டளை.

ஓவன் சறுக்கிய இடத்தையும் அப்பா கட்டாயம் படிக்கவேண்டும். 1825இல் அமெரிக்காவின் இந்தியானாவில் நியூ ஹார்மனி என்ற கிராமத்தையே விலைக்கு வாங்கி, யாரும் வரலாம் என்று அழைத்தார். சில மாதங்களில் எண்ணூறுக்கு மேற்பட்டோர் வந்தார்கள். பேசுபவர்கள் நிறைய, கைத்தொழில் தெரிந்தவர்கள் குறைவு. வீடு போதவில்லை, கிராமத்தை நடத்தும் சட்ட யாப்பை மாற்றி மாற்றி எழுதினார்கள், சொத்தோ ஓவன் பெயரிலேயே இருந்தது. 1827இல் கலைந்தது. அவருடைய செல்வத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்தது. நியூ லனார்க்கில் கடை, கணக்கு, வேலை மூன்றும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. இங்கே அப்படியொரு அடித்தளம் இல்லாமலே சமத்துவத்தை நட்டார்.

அரசியலிலும் இதே கதைதான். 10 வயதுக்குக் குறைந்தவர்க்கு வேலை கூடாது, 18 வயது வரை நாளுக்குப் பத்தரை மணி நேரமே, பரிசோதகர்கள் வேண்டும் என்று அவர் கேட்டார். 1819இல் பிரித்தானியாவில் வந்த சட்டம் பஞ்சாலைக்கு மட்டும், வயது 9, நேரம் 12 மணி. முறையான பரிசோதகர் இல்லாததால் பெரும்பாலும் கடதாசியிலேயே கிடந்தது. 1833 சட்டம் பரிசோதகர்களை நியமித்த பிறகே முதலாளிமார் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆகவே மேடை ஏறுமுன் அப்பா தன் தொழிற்சாலைக் கணக்கைத் திறக்கட்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் 12 சதவீதமும் தொழிலாளியின் 8 சதவீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் மாதந்தோறும் தவறாமல் போகிறதா? ஐந்து வருடம் முடித்தவர் விலகும்போது பணிக்கொடை அலையவிடாமல் கிடைக்கிறதா? தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளைகள் தங்கும் போர்டிங்கில் ஓர் அறைக்குள் எத்தனை பேர் என்று ஒருமுறை போய்ப் பார்த்தாரா?