எரிமலைச் சாம்பலுக்காக விமானங்களை நிறுத்துவது அளவுக்கு மீறிய எச்சரிக்கையா?

இல்லை என்பேன். எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் மாதிரி அல்ல. பொடிப்பொடியான பாறையும் கண்ணாடித் துகளும்தான் அது. ஜெட் எஞ்சினின் சூட்டில் உருகி, பின்னால் சற்றே குளிர்ந்த தகடுகளில் ஒட்டி, தரையில் சொட்டிய மெழுகு போல இறுகிவிடும். காற்றுப் பாதை அடைபட்டால் எஞ்சின் அணைந்துவிடும்.

1982இல் இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் இரவில் புகுந்த ஒரு போயிங் 747 விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றன. வெகுவாகக் கீழே இறங்கிய பிறகே மறுபடி இயங்கின. அப்புறமும் நிம்மதியில்லை: உப்புத்தாளால் தேய்த்தது போல முன்கண்ணாடி மங்கி, ஓடுபாதையே சரியாகத் தெரியவில்லை.

2010இல் ஐஸ்லாந்து எரிமலையால் ஐரோப்பா முடங்கியபோது இருந்த ‘துளியும் ஆகாது’ என்ற விதி கொஞ்சம் கடுமைதான், சரி. பிறகு சாம்பலின் அடர்த்தியைப் பார்த்துத் தளர்த்தினார்கள்.

‘ரேடாரில் பார்த்து விலகிப் போகலாமே’ என்பார்கள். விமானத்தின் வானிலை ரேடார் மழைத்துளிகளைக் காட்டவே செய்யப்பட்டது; காய்ந்த நுண்சாம்பல் அதில் தெரியாது.